மின்சார கார் லீஸ்: எல்லைப்பக்கம் இருப்பவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஷோரூமில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்த கையோடு ஒரு கேள்வி வரும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க சார், அதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்." இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் முப்பத்தைந்தாயிரம் என்றால் முப்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு கணக்கு வரும். அதில் தவணை கூடியிருக்கும், இல்லை ஓட்டும் தூரம் குறைந்திருக்கும், இல்லை முன்பணம் ஏறியிருக்கும்.

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று இந்தப் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலருக்கு வீடு கேரளாவில், வேலையோ கடையோ கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ. (நான் சொல்வது கேஎல் 70 சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை.) லீஸ் என்றால் வண்டியை வாங்காமல் சில வருடத்துக்கு மாத வாடகைக்கு எடுப்பது; சென்னையில் இருப்பவருக்கு அதில் வருகிற தலைவலிகளோடு நமக்குக் கூடுதலாக இரண்டு மூன்று வரும். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, ஏனென்றால் லீஸ் கம்பெனிக்காரருக்கு வாளையார் எல்லைச் சாவடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

முதலில் எல்லாருக்கும் பொதுவான தவறு. மாத வாடகையை மட்டும் பேசுவது. லீஸ் வாடகை மூன்று விஷயத்தில் நிற்கிறது: வண்டி விலை, லீஸ் முடியும்போது அந்த வண்டிக்கு என்ன மதிப்பு என்று இப்போதே போட்டுக்கொள்கிற தொகை (ரெசிடுவல் வேல்யூ என்பார்கள்), அப்புறம் வட்டி. 15 லட்சம் ஆன் ரோடு விலை, மூன்று வருடம், முடிவில் 6 லட்சம் மதிப்பு, வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தேய்கிற 9 லட்சத்தை 36 மாதத்தால் வகுத்தால் 25,000. அவர்கள் பணம் சராசரியாகப் பத்தரை லட்சம் வெளியே நிற்கிறது, அதற்கு மாதம் ஒரு சதவீதம் 10,500. ஆக 35,500, அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். கம்பெனியின் கணினி போடும் கணக்கு சில நூறு ரூபாய் முன்பின் இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் இந்தக் கணக்கில் 35,500 வருகிற வண்டிக்கு அவர்கள் 41,000 சொன்னால் எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது. எங்கே என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வண்டி விலையில் ஒரு லட்சம் குறைத்து வாங்கிவிட்டோம் என்று சந்தோஷப்படும்போது, ரெசிடுவல் வேல்யூவை விலையின் 40 சதவீதம் என்று கட்டி வைத்திருந்தால் அதுவும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மேலே சொன்ன கணக்கில் 6 லட்சத்தை அப்படியே நிறுத்தி விலையை மட்டும் 14 லட்சமாக்கினால் வாடகை சுமார் 32,200. அதுவும் 5.6 லட்சமாக இறங்கினால் சுமார் 33,100. மூன்று வருடத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதனால் ரெசிடுவல் வேல்யூவை ரூபாயில் எழுதச் சொல்லுங்கள், சதவீதத்தில் வேண்டாம். முடிவில் வண்டியை நீங்களே வாங்கிக்கொள்கிற எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அப்போது கூடின ரெசிடுவல் என்பது கடைசியில் நீங்கள் கொடுக்கிற கூடின தொகை. திருப்பிக் கொடுப்பதா வாங்குவதா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போனால்தான் எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியும்.

வட்டி விகிதத்தைக் கேட்டால் "லீஸ்ல வட்டியெல்லாம் கிடையாது சார், வாடகை மட்டும்தான்" என்பார்கள். இந்தப் பதிலை நம்புகிற படித்தவர்கள் நிறைய. அதே வண்டிக்கு பாங்க் லோன் கொட்டேஷன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

வரி விஷயத்தில் விற்பனையாளர்கள் அள்ளி விடுவதையும் கொஞ்சம் வடிகட்டிக்கொள்ளுங்கள். மின்சார காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், லீஸ் வாடகைக்கும் அதே விகிதம். அதுவரை சரி. ஆனால் பராமரிப்பு, இன்சூரன்ஸ் இவற்றுக்கு 18, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்றால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தேங்காய் மண்டி, மில் என்று வைத்திருப்பவர்களிடம் "ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கோ ஆபீஸ் உபயோகத்துக்கோ ஓடும் சாதாரண காருக்கு, வாங்கினாலும் சரி லீஸுக்கு எடுத்தாலும் சரி, அந்த வரவு சட்டத்திலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. வாடகையைத் தொழில் செலவாகக் காட்டலாம், அது வேறு. வருமான வரியில் 80இஇபி பிரிவில் ஒன்றரை லட்சம் கழிவு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது கடன் வட்டிக்கான கழிவு, லீஸுக்குக் கிடையாது, அதுவும் 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்.

எந்த மாநில நம்பர்?

நம்மூர்க்காரர்கள் பெரிதாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேரளாவில் 2025 ஏப்ரல் முதல் மின்சார கார்களின் வரி விலையைப் பொறுத்து மாறுகிறது: 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. தமிழ்நாடு 2023 மின்வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் வரை முழு சாலை வரி விலக்கு கொடுத்தது, நீங்கள் வண்டி எடுக்கும் நாளில் என்ன விதி என்று பொள்ளாச்சி ஆர்டிஓவிலேயே கேட்டுக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒரு யோசனை பிறக்கும். "கோயம்புத்தூர்ல மாமா அட்ரஸ்ல போட்டுடலாம் மச்சான்." கேட்க நன்றாக இருக்கும். வண்டி ராத்திரி நிற்பது கொழிஞ்சாம்பாறையில், ஓட்டுகிறவர் கேரள விலாசக்காரர் என்றால் இது நிற்காது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. புதுச்சேரி விலாசத்தில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளாவில் எவ்வளவு பெரிதானது என்று நினைவிருக்கும்.

சொந்த வண்டி என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இந்தப் பக்கம் வரி கட்டி மாற்றிக்கொள்ளலாம், அலைச்சல்தான். லீஸ் வண்டியில் என்ஓசி கேட்கவே கம்பெனி கையெழுத்து வேண்டும். அவர்கள் ஆபீஸ் மும்பையிலோ குருகிராமிலோ இருக்கும், உங்கள் மெயிலுக்குப் பதில் வருவதற்குள் அபராதம் வந்துவிடும். அதனால் விலை பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை: ஆர்சி (பதிவுச் சான்று) யார் பேரில், எந்த ஆர்டிஓவில், வரி யார் தலையில், நடுவில் மாநிலம் மாற்ற வேண்டி வந்தால் எத்தனை நாளில் பேப்பர் தருவீர்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேரளப் பதிவு என்றால் இன்னொன்று. வரி 15 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது, நீங்கள் ஓட்டப்போவது மூன்று வருடம். அந்த முழு வரியையும் மூன்று வருட வாடகைக்குள் திணித்துவிட்டு, வண்டியைத் திரும்ப எடுக்கும்போது மீதி 12 வருட வரியோடு விற்கிறவர் கம்பெனிக்காரர். இதை எடுத்துச் சொல்லி ரெசிடுவல் வேல்யூவைக் கூட்டச் சொல்லலாம், நியாயமான வாதம். வரம்புப் பக்கத்தில் நிற்கிற வண்டியிலும் கவனம் வேண்டும். 14.9 லட்சத்துக்கு வரி 74,500, கூடுதல் சமாச்சாரங்கள் உள்ள வகையை எடுத்து 15.5 லட்சம் ஆனால் 1,24,000.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். சொந்த உபயோகப் பதிவு என்றால் பச்சையில் வெள்ளை எழுத்து. பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகை வண்டிப் பதிவு, பெர்மிட் பேச்சு வரும். தினமும் எல்லை தாண்டுகிறவருக்கு அது வேண்டாத வேலை.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் லீஸுக்குத் தம்பி மாதிரி. எம்ஜி வின்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றார்கள். பார்க்க மலிவு. ஆனால் பேட்டரி வாடகையில் எடுக்கும் வண்டிக்குக் கேரளாவில் வரி 10 சதவீதம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் கோயம்புத்தூர் போய்வருகிறவருக்கு மாதம் 2,200 கிலோமீட்டர் ஓடினால் பேட்டரிக்கே 7,700 ரூபாய், கரண்ட் பில் தனி. தோட்டத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிறவர் என்றால் குறைந்தபட்ச ஓட்டக் கட்டணம் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டாத தூரத்துக்கும் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

தூரத்தைக் குறைத்துச் சொல்வது

கொட்டேஷனில் வாடகை குறைவாகத் தெரிந்தால் தூர வரம்பைப் பாருங்கள், பெரும்பாலும் வருடத்துக்கு 10,000 அல்லது 12,000 என்று இருக்கும். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போய் வர நூறு கிலோமீட்டர் சுமாருக்கு ஆகும். மாதம் 22 வேலை நாள், வருடத்துக்கு 26,400. கல்யாணம், காதுகுத்து, பழனி, குருவாயூர் எல்லாம் இதில் இல்லை. 12,000 வரம்பில் எடுத்து, மிகைத் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் என்று இருந்தால் வருடம் 1,15,200 ரூபாய் கடைசியில் கூட்டி வைத்துக் கேட்பார்கள். மூன்று வருடத்துக்கு மூன்றரை லட்சம் நெருங்கும். வரம்பை முதலிலேயே கூட்டி வாங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற செலவு இதைவிடக் குறைவாக இருக்கும், பேசிப் பாருங்கள். வருடா வருடம் கணக்குப் பார்க்காமல் மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்த வரம்பாகக் கேளுங்கள். மூத்த பையன் கோயம்புத்தூர் காலேஜ் முடித்துவிட்டால் மூன்றாவது வருடம் ஓட்டம் பாதியாகலாம் இல்லையா.

இன்சூரன்ஸில் ஒரே ஒரு விஷயம். வண்டி திருடு போனாலோ முழுதாகச் சேதமானாலோ கிடைப்பது ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு), அது ஆறு மாதம் தாண்டினாலே 15 சதவீதமும், ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30 சதவீதமும் இறங்கும். லீஸ் கம்பெனிக்கு நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி அதே வேகத்தில் இறங்காது, நடுவில் விழுகிற பள்ளத்தை உங்கள் கையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (தேய்மானம் கழிக்காமல் பில் தொகையையே தருகிற கூடுதல் பாதுகாப்பு) சேர்த்திருக்கிறதா, அந்தப் பணம் வந்தால் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். 2018 வெள்ளத்தைப் பார்த்த ஊர் நாம், பேட்டரிக்குள் தண்ணீர் போவதற்கான தனிப் பாதுகாப்பும் அதில் இருக்கட்டும்.

வாரண்டியில் நைஸாக ஒரு வார்த்தை இருக்கும்: முதல் உரிமையாளர். பேட்டரிக்கு வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறார்கள், சில மாடல்களுக்கு ஆயுள் வாரண்டி என்று விளம்பரம், ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டும். ஆர்சி கம்பெனி பேரில் இருந்து, மூன்று வருடம் கழித்து நீங்கள் வாங்கினால் நீங்கள் இரண்டாவது ஆள். அவ்வளவு நாள் ஓட்டினவர் நீங்களே என்பது அங்கே எடுபடாது. வண்டியை வாங்கிக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் ஆர்சியைத் தங்கள் பேரிலேயே போட்டு, லீஸ் பதிவை அதில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது.

கம்பெனி சம்பளத்தோடு லீஸ் எடுக்கிற ஐடிக்காரர்கள், வேலை மாறினால் என்ன ஆகும் என்ற பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் மீதி வாடகையோ முன்கூட்டி முடிக்கும் கட்டணமோ கட்ட வேண்டும், இல்லை வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் முடிவில் எவ்வளவு கட்டி வெளியே வரலாம் என்ற அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

தகராறு வந்தால் மும்பையில்தான் வழக்கு என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு எடுத்தவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பாலக்காட்டிலேயே.

எப்போது போய்ப் பேசுவது என்று கேட்டால், ஆடி மாதம் என்பேன். அங்கே ஆடி, இங்கே கர்க்கடகம், இரண்டு பக்கமும் புது வண்டி எடுக்கத் தயங்குகிற ஒரே மாதம், ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அப்போது விலையை முடித்து எழுதி வாங்கிக்கொண்டு, டெலிவரியை சிங்கம் (நம்ம ஆவணி) மாதம் பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கும் சங்கடம் இருக்காது. ஓண ஆஃபர் சிங்கத்தில்தான் வரும் என்பதால், டெலிவரிக்குள் எந்த ஆஃபர் வந்தாலும் இந்த விலையிலிருந்து கழிக்கப்படும் என்று புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே (பில்லுக்கு முன் தருகிற விலை விவரச் சீட்டு) ஒரு வரி சேர்த்து, சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று வந்தால் போதாது.