நெட்வொர்க் முதுகலை: சறுக்கும் இடங்கள்

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் வேலை பார்த்துக்கொண்டே நெட்வொர்க் பாடத்தில் முதுகலை சேருபவர்களுக்கு ஒரு துணிச்சல் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ கையில் இருக்கிறது, ரூட்டரும் சுவிட்சும் தினமும் தொடுகிற சாமான், இதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பார்கள். முதல் சறுக்கல் அங்கேயே. சான்றிதழ் தேர்வு எப்படி அமைப்பது என்று கேட்கும். முதுகலைத் தேர்வோ ஏன் இப்படி அமைத்தார்கள், வேறு மாதிரி செய்திருந்தால் எது கெட்டிருக்கும் என்று கேட்கும். கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அங்கே பேனா நகராது.

அடுத்தது, நிகழ்தகவைத் தள்ளிப்போடுவது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு வரும் வாரத்தில் திண்டாடுகிறார்கள். ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்ப ஒரு லிங்க் சராசரியாக 1 மில்லிவினாடி எடுக்கிறது என்று வையுங்கள். ஒரே வரிசை, ஒரே வழி என்று கொள்ளும் எளிய எம்/எம்/1 மாதிரியின்படி, லிங்க் பாதி நிரம்பியிருந்தால் காத்திருப்பும் சேர்த்து சராசரித் தாமதம் 2 மில்லிவினாடி. 80 விழுக்காட்டில் 5. 90-இல் 10. 99-இல் 100! பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலையின் ஜூரு டோல் சாவடியில் நின்றவர்களுக்கு இது புரியும்: கடைசியாக வந்து சேரும் கொஞ்சம் கார்கள்தான் எல்லாரையும் நிறுத்திவைக்கின்றன. இது தெரியாமல், 95 விழுக்காட்டுப் பயன்பாட்டைச் சிக்கனம் என்று டிசைன் அறிக்கையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சூத்திரம் கைவந்ததும் அதை எல்லா இடத்திலும் போடுவது. எம்/எம்/1 மாதிரி, பாக்கெட்டுகள் பாய்சான் முறையில், அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக, வருவதாக எடுத்துக்கொள்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஆய்வாளர்கள் உண்மையான ஈதர்நெட் போக்குவரத்தை அளந்து காட்டியபோது அப்படி இல்லை. வினாடிக் கணக்கில் பார்த்தாலும் நிமிடக் கணக்கில் பார்த்தாலும் அது கொத்துக் கொத்தாகவே வந்தது. ஆகவே சூத்திரத்தைப் போடும்போதே அதன் அனுமானத்தையும் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பேண்ட்வித்தையும் (வினாடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பதையும்) தாமதத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. ஒளி, ஃபைபரில் வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து லண்டன் சுமார் 10,500 கிலோமீட்டர். கேபிள் நேர்க்கோட்டில் போனாலும் போய் வர 105 மில்லிவினாடி ஆகும். எந்த பேக்கேஜ் வாங்கினாலும் அது குறையாது. இணையத்தில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறைதான் டிசிபி. பழைய டிசிபியின் விண்டோ, அதாவது பதில் வருவதற்குள் அனுப்பக்கூடிய அளவு, அதிகபட்சம் 65,535 பைட். ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் அனுப்ப முடியும் என்றால், லைன் 1 ஜிகாபிட்டாக இருந்தும் ஓர் இணைப்புக்குக் கிடைப்பது வெறும் 5 மெகாபிட். லைன் நிரம்ப வேண்டுமானால் 13 மெகாபைட் அளவுக்குத் தரவு வழியிலேயே இருக்க வேண்டும். விண்டோவைப் பெருக்கும் வசதியை 1992-இல் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். கோலாலம்பூரிலிருந்து பினாங்கில் உள்ள ஒரு சர்வருக்கு பிங் போட்டு, ஒரு பாக்கெட் போய் வரும் நேரத்தைப் பாருங்கள். சாலை வழித் தொலைவான 350 கிலோமீட்டருக்குக் கணக்குப்படி 3.5 மில்லிவினாடி போதும். அதற்கு மேல் வருவது எங்கே செலவாகிறது என்று பிரித்து எழுதுவது, பத்துப் பக்கக் குறிப்பைவிட நல்ல பயிற்சி.

வரலாற்றைத் தாண்டிப் போவதும் நஷ்டம்தான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் நானூறு கஜத் தூரத்தில், வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மோசமாக்கினார்கள். வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு மருந்து. இது தெரிந்தால், அதில் வரும் ஸ்லோ ஸ்டார்ட் (கொஞ்சமாக அனுப்பத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது) மனப்பாடப் பகுதியாக இருக்காது.

சிமுலேஷனில் ஒரு பொறி இருக்கிறது. நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருளான என்எஸ்-3 தானாக எப்போதும் ஒரே சீடில்தான் (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணில்தான்) ஓடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறு தற்செயல் எண்களைத் தரும் ரன் எண்ணை மாற்றாமல் பத்து முறை ஓட்டினால் பத்தும் ஒரே விடை. 'முடிவு மிக நிலையாக உள்ளது' என்று அறிக்கையில் எழுதினால் விரிவுரையாளர் சிரிப்பார். ரன் எண்ணை மாற்றுங்கள், வரிசைகள் நிரம்பி நிலைக்கு வரும் வரையுள்ள தொடக்கத் தரவை வெட்டுங்கள், வரைபடத்தில் நம்பக இடைவெளியை (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பை) போடுங்கள். அது அகலமாக வந்தால் ஒளிக்காதீர்கள், இன்னும் பல ரன்கள் ஓட்டுங்கள்.