தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே பாத்தியில் வேண்டாம்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு இராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்மண் துண்டு இருபது அடிக்குப் பதினைந்து அடிதான். ஓர் ஐப்பசியில், ஒரே மேட்டுப்பாத்தியில் தக்காளி நாற்று ஒரு வரிசை, உருளைக்கிழங்கு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி நட்டேன். இரண்டுக்கும் இவ்வூரின் மிதமான குளிர் ஏற்றது, இரண்டும் அன்றாடச் சமையலுக்கு வேண்டியவை, எனவே இடம் மிச்சமாகும் என்பதே என் கணக்கு. மார்கழி பிறப்பதற்குள் இரண்டு பயிரும் கருகி நின்றன. பிறகுதான், இவ்விரண்டையும் அருகருகே நடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே கத்திரிக் குடும்பத்துச் செடிகள். உறவு நெருக்கமாக இருப்பதால் ஒன்றைத் தாக்கும் நோயும் பூச்சியும் பெரும்பாலும் மற்றதையும் தாக்கும். கொத்தமல்லியோ பீன்ஸோ நடுவில் இருந்தால் நோய் அங்கே தடைபட்டு நிற்க வாய்ப்புண்டு. இவை இரண்டும் தோளோடு தோள் உரசி நின்றால், நோய்க்கு அது ஒரே வயல்தான்.

அந்த நோய்களுள் முதன்மையானது பின்பருவ இலைக்கருகல். ஃபைட்டாஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வருவது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இதுவே. குளிர்ந்த இரவு, மேகமூட்டமான பகல், இலையில் பல மணி நேரம் காயாத ஈரம் ஆகிய மூன்றும் சேரும்போது இது பரவுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தூறல் விடாமல் விழும் வாரங்களில் இந்த மூன்றும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. முதலில் இலை ஓரத்தில் வெந்நீர் பட்டது போன்ற கரும்பச்சைப் புள்ளி தோன்றும். விடியற்காலையில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்மையான மெல்லிய பூசணம் தெரியும். வானிலை இதற்குச் சாதகமாக இருந்தால், ஒரு வாரம் பத்து நாளில் பாத்தி முழுவதும் கருகிவிடும். அதன் வித்துகள் காற்றில் வெகுதூரம் பறக்கக்கூடியவை என்பதால், சில அடி இடைவெளி விட்டதால் மட்டும் தப்பிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. இரண்டு பயிரையும் ஒரே பருவத்தில் வளர்க்காமல் இருப்பதே சிறிய தோட்டத்துக்கு உறுதியான வழி என்பது என் முடிவு.

இங்கே பலர் செய்யும் இன்னொரு தவறு, மாலையில் குழாயைப் பிடித்துச் செடியின் தலைமேல் நீர் ஊற்றுவது. அப்படி நனைந்த இலை இரவு முழுவதும் காயாது. காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் நீர் விட வேண்டும். தக்காளிக்குக் கொம்பு ஊன்றிக் கட்டி, தரையைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று உள்ளே புகும். போர்டோ கலவை தெளிப்பதாக இருந்தால், பத்து லிட்டர் நீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பும் என்ற அளவில், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கலந்து, நோய் வருவதற்கு முன்பே தெளிக்க வேண்டும். இலை கருகிய பிறகு தெளித்தால், அந்த இலை மீண்டும் பச்சையாகாது.

கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆபத்து ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. நேற்று வரை செழித்து நின்ற தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலே, நீர் இருந்தும் நண்பகலில் தலை தொங்கி ஓரிரு நாளில் சாய்ந்தால், அது பாக்டீரியா வாடலாக இருக்கக்கூடும். தண்டின் அடிப்பகுதியைச் சிறு துண்டாக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிழை கசிந்து இறங்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தப் பாக்டீரியா உருளைக்கிழங்கின் வழியாகவே தோட்டத்துக்குள் வந்துவிடலாம். சமையலுக்கு வாங்கிய கிழங்கு கூடையில் முளைவிட்டதும், அதை வீணாக்க மனமின்றி நட்டுவிடுகிறோம். வெளியே நன்றாகத் தெரியும் கிழங்கும் உள்ளே நோயைச் சுமந்திருக்கக்கூடும். கர்நாடகத்தின் ஹாசன் பகுதி உழவர்கள், சமையல் கிழங்கை நடாமல், பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து வரும் விதைக்கிழங்கைப் பணம் கொடுத்து வாங்கி நடுவதற்குக் காரணம் இருக்கிறது. விதைக்கிழங்கை வெட்டும்போது உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கிழங்கை நடவே கூடாது; ஒவ்வொரு கிழங்கையும் வெட்டிய பின் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பாசன நீரும் மண்வெட்டியும் இந்த நோயைப் பாத்திக்குப் பாத்தி கொண்டு செல்லும் என்பதால், உருளைக்கிழங்குப் பாத்தியின் நீர் தக்காளிப் பக்கம் வழிந்தோடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

நோயே வராவிட்டாலும் வேர்கள் ஒன்றையொன்று வருத்தும். உருளைக்கிழங்கைத் தோண்டும் நாளில் தக்காளி காய்த்துக் குலுங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டி அதன் பக்கவேர்களை அறுத்துவிடும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைத் தடுக்கத் தக்காளிக்குச் சுண்ணாம்பு இடுபவர்கள் உண்டு. அந்தச் சுண்ணாம்பால் மண்ணின் புளிப்பு குறைந்தால், உருளைக்கிழங்கின் தோலில் சொறி நோய் கூடும். ஒரே மண்ணில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது.

நோய் எதிர்ப்பு ரகம் வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று சொல்வோரையும் பார்க்கிறேன். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் தக்காளி, இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் அருமையான ரகம்; ஆனால் அந்த மூன்றில் பின்பருவக் கருகல் இல்லை. அதையும் சேர்த்துத் தாங்கும்படி அதே நிறுவனம் உருவாக்கியது அர்கா அபேத். 1968இல் வெளியான குஃப்ரி ஜோதி உருளைக்கிழங்கு, பின்பருவக் கருகலைத் தாங்கும் என்று பெயர் பெற்றிருந்தது. அந்தத் திறன் இன்று பெரிதும் மங்கிவிட்டது. விதைப் பையில் எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று எழுதியிருக்கிறதோ, அதை மட்டுமே நம்ப வேண்டும்.

இரண்டையும் வளர்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உருளைக்கிழங்கை, கார்த்திகைத் தூறல் ஓய்ந்த பிறகு, புதிய மண் நிரப்பிய பைகளில், தக்காளிப் பாத்திக்கு எதிர் மூலையில் நடுங்கள். செடி உயர உயர மண் அணைத்து வந்தால், இலையிலிருந்து கழுவப்படும் நோய் வித்துகள் கிழங்கை எட்டுவது குறையும். தக்காளியைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தால் இன்னும் நல்லது. ஒரு முறை இவற்றுள் எதை நட்டாலும், அந்த இடத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் கத்திரி, மிளகாய், குடமிளகாய் உட்பட இக்குடும்பத்துச் செடி எதுவும் வேண்டாம். கீரை, பீன்ஸ், மக்காச்சோளம், முள்ளங்கி என்று மாற்றுங்கள். கத்திரியை நட்டுவிட்டுப் பயிரை மாற்றியதாக எண்ணிக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, கிருஷ்ணகிரியில் வேளாண்மை செய்தவராக இருந்தும், இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

கருகிய செடிகளை வீட்டு உரக்குழியில் போடக் கூடாது, ஏனெனில் நம் குழிகள் நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவதில்லை. இலைகள் கருகிவிட்டால், தண்டுகளை அடியோடு அறுத்து அகற்றி, பத்துப் பதினைந்து நாள் கழித்தே கிழங்கைத் தோண்ட வேண்டும். அதற்குள் தோலும் முற்றும், மண்மேல் உள்ள வித்துகளும் பெரும்பாலும் மடியும். தோண்டும்போது கோலிக்குண்டு அளவுக் கிழங்கு ஒன்றைக்கூட மண்ணில் விட்டுவிடாதீர்கள், உயிருள்ள கிழங்குக்குள்தான் கருகல் நோய் அடுத்த பருவம் வரை தங்குகிறது. சித்திரையில் கோடை மழை பெய்ததும் அந்தப் பழைய பாத்தியில் தானாக முளைக்கும் ஓரிரு உருளைச் செடிகளைக் காண்பீர்கள். அவற்றைக் கிழங்கோடு பிடுங்கி எறிந்த பிறகே அந்த ஆண்டின் நாற்றுகளைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள்.