ரிசப்ஷனுக்கு டக்சீடோ: வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குவது எப்படி?

என் ரிசப்ஷன் கும்பகோணத்தில் நடந்தது. காலர் பளபளக்கும் மேற்கத்திய விருந்து உடுப்பான டக்சீடோ கோட்-பேன்ட்டை 2,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன், அட்வான்ஸ் 3,000. தோள்பட்டை இரண்டு பக்கமும் ஓர் இஞ்ச் தொங்கியது. போட்டோகிராபர் ஒவ்வொரு குரூப்புக்கும் முன்னால் ஓடிவந்து பின்பக்கம் இழுத்துவிட்டுப் போனார். அது போதாதென்று, நனைந்த ரோஜா மாலையிலிருந்து தண்ணீர் சாட்டின் காலரில் சொட்டித் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. மறுநாள் அட்வான்ஸில் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார்கள். அடுத்த முகூர்த்த சீசனுக்குள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன்.

படி 1: எத்தனை தடவை போடுவீர்கள்?

உங்கள் கல்யாணம் ஒன்றுக்குத்தான் என்றால் வாடகையே சரி, இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். தம்பி, மச்சினன், கூடப் படித்தவன் என்று வரிசையாகக் காத்திருந்தால் வாங்குங்கள். நான் வாங்கியது 11,500 ரூபாய். ஐந்தாவது தடவை போட்டபோது ஒரு தடவைக்கு 2,300 ரூபாய் என்று வாடகைக்குக் கீழே வந்துவிட்டது.

(கோட்டு நமக்குப் புதிதும் இல்லை. ஜானவாசத்தில் கோட்டும் டையுமாகத் திறந்த காரில் வரும் மாப்பிள்ளையைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ஆல்பங்களில் பார்க்கலாம்.)

படி 2: அது டக்சீடோதானா?

1886 வாக்கில் நியூயார்க் பக்கத்து டக்சீடோ பார்க்கில் பழக்கத்துக்கு வந்து, ஊர்ப் பெயரே உடுப்புக்கும் ஒட்டிக்கொண்டது. காலரில் சாட்டின், பட்டனுக்கு மேலும் அதே துணி, பேன்ட்டின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு சாட்டின் பட்டை, பெல்ட் மாட்டும் வளையம் கிடையாது. நம் கடைகளில் கறுப்புக் கோட் எல்லாவற்றையுமே டக்சீடோ என்றுதான் சொல்வார்கள். காலர் மட்டும் பளபளத்துப் பேன்ட் சாதாவாக இருந்தால் டக்சீடோ விலை கொடுக்காதீர்கள்.

கறுப்பைவிட நள்ளிரவு நீலத்தைத் தேடுங்கள். மண்டபத்து வீடியோ லைட்டில் மலிவான கறுப்பு வெளிறித் தெரியும், கரு நீலம்தான் கறுப்பாகத் தெரியும்.

படி 3: துணி

கம்பளித் துணி என்றால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது என்பார்கள். மெல்லிய நெசவுக் கம்பளியில் காற்று புகும். முழுக்கப் பாலியெஸ்டர்தான் வேகவைக்கும். 'சூப்பர் 100' என்று போட்டிருந்தால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அர்த்தம். பட்ஜெட் இடிக்கிறதா? பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பில் எடுத்து, முதுகில் பாதி லைனிங் மட்டும் கேளுங்கள்.

அடுத்து, கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் வெளித்துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ் வைத்த கோட். நழுவாவிட்டால் பசை போட்டு ஒட்டியது. நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பாலும் அதுதான். பரவாயில்லை, ஆனால் கரிப்பெட்டி போடும் அண்ணனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூடு கூடினால் பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

படி 4: தோள்

இடுப்பு, கை, பேன்ட் உயரம் எல்லாவற்றையும் டெய்லர் சரிசெய்வார். தோள்பட்டையைப் பிரித்தால் கோட்டையே பிரித்துத் தைத்த மாதிரி. அதனால் தோளைப் பார்த்து வாங்குங்கள், மற்றது பிறகு.

சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கைக்கு முன்னால் கோட்டின் தோளில் வைத்த பேடு சுவரைத் தொட்டால் அளவு பெரிது. பிறகு பட்டனைப் போட்டுக் கும்பிட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், மேடையில் மூன்று மணி நேரம் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். கும்பிடும்போது முதுகு இறுக்கினாலோ, கையை இறக்கிய பிறகும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இடைவெளி நின்றாலோ கழற்றிவிடுங்கள். சட்டைக் கை அரை இஞ்ச் வெளியே தெரிய வேண்டும்.

படி 5: ரெடிமேடா, தையலா?

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேடு உடுப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், துணிக்கு 5. கோட்டும் பேன்ட்டும் தைக்க அகலத் துணியில் சுமார் மூன்றேகால் மீட்டர் ஆகும். திருச்சி, தஞ்சாவூரில் கோட் தைத்துக் கைபழகிய டெய்லர் கிடைத்தால் தைப்பதே மேல். சட்டை தைப்பவரிடம் கொடுத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னால் ஆரம்பித்து, இரண்டு டிரையலாவது பாருங்கள்.

எதுவானாலும் இடுப்பில் உள்ளே ஓர் இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள். மறுவீட்டு விருந்து, தலை ஆடி விருந்து எல்லாம் இருக்கிறது.

படி 6: போடும் நாள்

பின்பக்கப் பிளவில் குறுக்கே போட்ட தையல் நூலைப் பிரியுங்கள். அதோடு மேடை ஏறுகிறவர்கள் பாதிப் பேர். இரண்டு பட்டன் கோட் என்றால் கீழ்ப் பட்டனைப் போட வேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு 'போ டை' (பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட டை). இடுப்பில் கட்டும் கமர்பந்து, பாரசீகப் பெயரோடு இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்த சாமான். நம் ஊர் வெக்கையில் அது இல்லாமலும் ஓடும்.

மாலை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நன்றாக உதறித் துடைத்த பிறகுதான் கழுத்தில் விழ வேண்டும். செலவானாலும் சரி என்றால் ஏலக்காய் மாலை.

படி 7: ஐப்பசியைத் தாண்டுவது

ஒவ்வொரு தடவையும் டிரை வாஷுக்குப் போடாதீர்கள். இரவு முழுக்க ஃபேன் காற்றில் தொங்கவிட்டாலே வியர்வை வாடை போய்விடும். அகலமான மர ஹேங்கர் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து, சாட்டினில் படாமல் வையுங்கள்.

என்னுடையது பழைய வேட்டி ஒன்றுக்குள் பீரோவில் தொங்குகிறது. வைகாசியில் மச்சினனுக்குக் கல்யாணம். போன வாரம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோள் அப்படியே நிற்கிறது, பட்டன்தான் ஏறவில்லை. உள்ளே விட்ட ஓர் இஞ்சைப் பிரிக்கச் சொல்லி டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன்.