அமிலம் பட்டால் நிறம் காட்டும் பாக்டீரியா: எங்கே தொடங்குவது

கடலூர்ப் பக்கம் பயோடெக் படிப்பவர்கள் புராஜெக்ட் என்றதும் உப்பனாற்றுத் தண்ணீரைத்தான் நினைப்பார்கள், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியே ஓடுகிறதே. நல்ல யோசனைதான். ஆனால் மரபணு மாற்றிய பாக்டீரியா ஆற்றுக்குப் போகக் கூடாது, தண்ணீர்தான் லேபுக்கு வரவேண்டும். முதலில் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள்.

ஈ.கோலை கே-12 போதும், லேபில் வளர்க்கும் சாதுவான பாக்டீரியா வகை அது. அமிலத்தை உணரும் வேலை அதற்கு ஏற்கெனவே தெரியும், அமிலம் பட்டால் இயங்கும் அதன் புரொமோட்டரை (மரபணுவுக்குச் சுவிட்ச் போன்ற டிஎன்ஏ துண்டு) எடுத்து நிறம் தரும் மரபணுவின் முன்னால் பிளாஸ்மிடில் (செல்லுக்குள் தனியாக இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) வைக்கிறோம், அவ்வளவுதான். எதை எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிஎச் 5-க்குக் கீழே வேண்டுமென்றால் ஏஎஸ்ஆர் (asr) புரொமோட்டர், ஆனால் மீடியத்தில் (பாக்டீரியா வளரும் கரைசலில்) பாஸ்பேட் நிறைய இருந்தால் அது சரியாக எழாது, அதனால் பாஸ்பேட் பஃபர் (பஃபர் என்பது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) வேண்டாம். 6-க்குக் கொஞ்சம் கீழே போதும் என்றால் கேட்பிஏ (cadBA) புரொமோட்டர். அதை இயக்கும் கேட்சி புரதம் செல் சவ்வில் இருந்துகொண்டு வெளியே அமிலம் இருக்கிறதா என்று மட்டுமல்ல, லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்றும் பார்க்கும். லைசின் சேர்க்க மறந்தால் சிக்னல் வராது, புரொமோட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு எம்இஎஸ் பஃபர் பொருந்தும்.

பிஎச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். அசிட்டிக் அமிலம் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும், அப்போது நீங்கள் அளப்பது வேறு விஷயம்.

அப்புறம் நிறம். இ-ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதம் பிஎச் 6 வாக்கிலேயே பாதி மங்கிவிடும், அதாவது மரபணு நன்றாக வேலை செய்தும் ஒளி குறைவாகத் தெரியலாம். எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர் புரதம் அமிலத்தைத் தாங்கும். ஜிஎஃப்பி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், செல்களைச் சுழற்றி அடியில் படியவைத்து, பிஎச் 7.4 பஃபரில் கலக்கிவிட்டு அளவெடுங்கள்.

ஒளி அளவை ஓடி600-ஆல் (செல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கலங்கல் அளவு) வகுத்தே ஆகவேண்டும், அமிலத்தில் செல் மெதுவாகத்தான் வளரும். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, புரொமோட்டரே இல்லாத பிளாஸ்மிட் ஒன்று, எப்போதும் எரியும் புரொமோட்டர் உள்ளது ஒன்று வையுங்கள். இரண்டாவதும் அமிலத்தில் ஏறினால் உங்கள் சென்சாரை நம்பாதீர்கள். முடிவில் குழாயின் பிஎச்சை மீட்டரில் மறுபடி பாருங்கள்: குளுக்கோஸ் போட்ட எல்பி மீடியத்தைப் பாக்டீரியாவே புளிக்கவைத்துவிடும்.

உப்பனாற்றில் கடல் நீர் ஏறி இறங்கும். கடல் நீர் பிஎச் 8 பக்கம், அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும், உப்பும் வளர்ச்சியைக் குறைக்கும். ஆகவே சாம்பிள் எடுக்கும் இடத்திலேயே பிஎச் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பிடும் குழாய்களிலும் அதே அளவு உப்புப் போடுங்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொன்ற) பிறகே கொட்டுங்கள்.