தட்டப்பயறும் மஞ்சப்பையும் வைத்து ஜீன் விகிதம் மாறுவதைச் செய்து பார்க்கும் முறை

தேர்வு போன்ற எந்தக் காரணமும் குறுக்கிடாத பெரிய கூட்டத்தில் ஜீன் விகிதம் தலைமுறைதோறும் மாறாது என்று ஹார்டி, வீன்பெர்க் இருவரும் 1908-இல் தனித்தனியே சொன்ன சமன்பாட்டை பிளஸ் டூ மாணவர்கள் தடுமாறாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் ஜீன் விகிதம் ஏன் மாறுகிறது என்று கேட்டால் "இயற்கைத் தேர்வு" என்ற ஒரே பதில்தான் வரும். கூட்டம் சிறுத்துப்போனாலே, எந்தத் தேர்வும் நடக்காமல் விகிதம் மாறும். அது கையால் எண்ணிப் பார்த்தால்தான் மனதில் பதியும். இரண்டு பாடவேளை போதும்.

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் சிவப்புத் தட்டப்பயறும் வெள்ளைத் தட்டப்பயறும் கால் கிலோ வீதம் வாங்கினால் எட்டுக் குழுக்களுக்குத் தாராளமாகக் காணும். இரண்டும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொண்டைக்கடலை வேண்டாம். கறுப்பு சின்னது, வெள்ளை பெரியது. பைக்குள் விரல் பெரியதைத்தான் பிடிக்கும், கணக்கு முதல் தலைமுறையிலேயே சாய்ந்துவிடும். குழுவுக்கு ஒரு துணிப் பை, மஞ்சப்பையே போதும். பாலித்தீன் பையில் நிறம் வெளியே தெரியும்.

ஒரு பயறு என்பது ஜீனின் ஒரு பிரதி. இரண்டு பயறு சேர்ந்தால் ஓர் உயிரி. சிவப்பு ஓங்கு பண்பு, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். வெள்ளை ஒடுங்கு பண்பு, இரண்டும் வெள்ளையானால்தான் தெரியும்.

முதலில் மரபியல் நகர்வு, அதாவது வெறும் தற்செயலால் விகிதம் மாறுவது. நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். பையில் 5 சிவப்பு, 5 வெள்ளை, அதாவது ஐந்தே உயிரிகள். பார்க்காமல் ஒரு பயறை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை. ஏழு சிவப்பு, மூன்று வெள்ளை வந்திருந்தால் பழைய பயறைக் கொட்டிவிட்டு 7 சிவப்பு, 3 வெள்ளை போடுங்கள். அதுதான் அடுத்த தலைமுறை. 15 தலைமுறை ஓட்டுங்கள்.

எடுத்த பயறைத் திரும்பப் போட மறப்பதுதான் எல்லா வகுப்பிலும் நடக்கும் தவறு. போடாவிட்டால் பத்துப் பயறும் வெளியே வரும், மறுபடி 5-க்கு 5 தான். "சார், ஒண்ணும் மாறலையே" என்று ஒரு குழு சொன்னால் வேறு காரணம் தேட வேண்டாம்.

15-ஆவது தலைமுறையில், எட்டுப் பைகளில் பெரும்பாலும் ஐந்தாறு பைகள் ஒரே நிறமாகியிருக்கும். எந்தப் பை எந்த நிறமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இரு நிறத்துக்கும் சம வாய்ப்பு என்பதால், எட்டுப் பைகளின் சராசரி பாதியை ஒட்டியே நிற்கப் பார்க்கும். பைகள் எட்டுதான் என்பதால் சற்று விலகினால் பிழையல்ல. எல்லாக் குழுக்களின் கோடுகளையும் கரும்பலகையில் ஒரே வரைபடமாகப் போடுங்கள், விரிந்து போவது கண்ணுக்குத் தெரியும். நேரம் இருந்தால் ஒரு குழு மட்டும் 100 பயறு வைத்து 100 முறை எடுத்துப் பார்க்கட்டும். 10 பயறில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 16% ஆடும் விகிதம், 100-இல் 5% தான் ஆடும்.

இதையே பீட்டர் பூரி பழ ஈக்களில் செய்து 1956-இல் வெளியிட்டார். 107 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் தலைமுறைக்கு 16 ஈக்கள். 19 தலைமுறை முடிவில் அவர் கவனித்த அல்லீல் (ஜீனின் ஒரு வடிவம், நம் பையில் ஒரு நிறம்) 30 கூட்டங்களில் மறைந்திருந்தது, 28 கூட்டங்களில் அது மட்டுமே எஞ்சியது.

அடுத்து தேர்வு. இதற்குப் பை பெரிதாக இருக்க வேண்டும். சிறிய பையில் நகர்வும் கலந்துவிடும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. 50 சிவப்பு, 50 வெள்ளை. இரண்டிரண்டாக எடுத்து அடுக்குங்கள், இங்கே திரும்பப் போடக் கூடாது. இரண்டும் வெள்ளையான சோடி இறந்ததாகக் கொண்டு நீக்குங்கள். 12, 13 சோடி போகும். எஞ்சியதில் ஏறத்தாழ 50 சிவப்பு, 25 வெள்ளை இருக்கும். அதே விகிதத்தில் நூறாக்குங்கள்: 67, 33. ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் உள்ள சோடியிலிருந்து வெள்ளையை மட்டும் பிடுங்கி எறியும் குழு ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த உயிரி சாகவில்லை, அது வெள்ளையைச் சுமக்கிறது என்று அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

வெள்ளையின் விகிதம் 1/2, 1/3, 1/4, 1/5 என்று இறங்கும். பாதியிலிருந்து 10%-க்கு வர 8 தலைமுறை. 10%-லிருந்து 5%-க்கு 10 தலைமுறை. 5%-லிருந்து 1%-க்கு 80! காரணம், 1%-இல் பத்தாயிரத்தில் ஒரே ஓர் உயிரிதான் வெள்ளை வெள்ளை. 198 உயிரிகள் அதை வெளியே காட்டாமல் சுமக்கின்றன. கொடிய ஒடுங்கு நோய்கள் ஏன் ஒழிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

ஜீன் ஓட்டத்துக்கு, அதாவது வேறு கூட்டத்து உயிரிகள் வந்து கலப்பதற்கு, 80 சிவப்பு, 20 வெள்ளை உள்ள பையில் கண்ணை மூடி 10 பயறை எடுத்துவிட்டு, 20 சிவப்பு, 80 வெள்ளை உள்ள பையிலிருந்து 10 போடுங்கள். சராசரியாக 80 என்பது 74 ஆகும், அடுத்த முறை 68.6. ஜீனே திடீரென மாறும் சடுதிமாற்றத்தைப் பையில் காட்ட முடியாது. தலைமுறைக்கு லட்சத்தில் ஒன்று என்று வைத்தால், அது மட்டுமே ஒரு அல்லீலைப் பாதியாக்க ஏறத்தாழ 69,000 தலைமுறை வேண்டும். புதிய அல்லீல் பிறப்பது அதனால்தான், பெருகுவது மற்ற வழிகளால்.

இனி மந்தைக் கணக்கு: நகர்வைப் பொறுத்தவரை ஒரு மந்தை எத்தனை உயிரிகளுக்குச் சமம் என்பது. வாடிப்பட்டிப் பக்கம் கச்சைகட்டிக் கருப்பு ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இதைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். கிடா எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையாலும், பிறகு 4-ஆலும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு கிடா, 40 பெட்டை என்றால் விடை 3.9. கிடையில் 41 உருப்படி நின்றாலும் ஜீன் கணக்கில் நான்குக்கும் குறைவு, நம் ஐந்து உயிரிப் பையைவிட மோசம்! தலைமுறைக்கு 12.8% மரபு வேறுபாடு போய்விடும். இரண்டு கிடா வைத்தால் 7.6, இழப்பு 6.6%. நான்கு வைத்தால் 14.5, இழப்பு 3.4%.

நான்கு கிடாவுக்குத் தீனி போட எல்லோராலும் முடியாது. நாலு கிடைக்காரர்கள் பேசி வைத்துக் கிடாவை மாற்றிக்கொள்ளலாம். தனக்குப் பிறந்த பெட்டைகள் பருவத்துக்கு வருமுன் கிடா கைமாறிவிட வேண்டும். மாற்றி வாங்கும் கிடாவும் அதே தகப்பன் வழியில் வந்ததாக இருந்தால் பயன் மிகக் குறைவு. குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்பதைக் காதில் வில்லை மாட்டும் அன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.