ஃபைல் கண்முன்னே கிடக்க, 'இல்லை' என்கிறதா மேக்?

போன கிழமை, பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கம்பஸ் தம்பி ஒருவன் லப்டொப்பை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணை, ஃபைல் கிடக்கு. மேக் இல்லையெண்டு நிக்குது. ரெண்டு மணித்தியாலமாப் பாக்கிறன்."

மேக் என்றால் ஆப்பிள் கணினி இல்லை; மேக்ஃபைலில் எழுதிவைத்த கட்டளைகளை ஓட்டி புரோகிராமைக் கட்டித்தரும் கருவி. திரையில் இருந்தது இதுதான்:

மேக்: ./பில்ட்.எஸ்எச்: நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி

அப்படியொரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லையாம். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் தட்டினால் அதே ஃபைல் பல்லைக் காட்டுகிறது. பாவம், மேக்கையே அழித்துத் திரும்ப நிறுவியும் பார்த்துவிட்டான். (கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: பேசுவது யார்?

வரி 'மேக்:' என்று தொடங்கினால் மேக்கே நேரடியாகக் கட்டளையை ஓட்டப் பார்த்துத் தோற்றிருக்கிறது. '/பின்/எஸ்எச்:' என்று தொடங்கினால் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) பேசுகிறது. கட்டளை எளிதாக இருந்தால் மேக் ஷெல்லைக் கூப்பிடாது. பைப் குறி (|), அரைப்புள்ளி (;) போன்றவை இருந்தால்தான் கூப்பிடும். அதனால் ஒரே கோளாறு இரண்டு விதமான வசனத்தில் வரும். கடைசியில் வரும் 'எரர் 127' ஐயும் அதிகம் நம்பவேண்டாம். ஷெல்லில் 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை, 126 என்றால் ஓட்ட முடியவில்லை. மேக் நேரடியாக ஓட்டும்போது அனுமதி மறுக்கப்பட்டாலும் 127 தான் வரும்.

படி 2: கையால் ஓட்டுங்கள்

மேக், இடைவெளி, ஹைஃபன், சின்ன என். இது எதையும் ஓட்டாமல் கட்டளைகளை மட்டும் காட்டும். சிக்கிய வரியை கொப்பி பண்ணி டெர்மினலில் ஓட்டுங்கள். இப்போது பேசுவது பாஷ், அதாவது டெர்மினலில் இருக்கும் ஷெல். பழைய பாஷ் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்றும், புதியது 'ரெக்வயர்ட் ஃபைல் நொட் ஃபவுண்ட்' என்றும் சொல்லும். இரண்டுமே மேக்கை விட நேர்மை.

ஏன் இப்படி? ஸ்கிரிப்டின் முதல் வரியில் '#!' போட்டு, தன்னை ஓட்ட வேண்டிய புரோகிராமின் பாதையை எழுதியிருப்போம். லினக்ஸின் மையமான கேர்னல் அந்தப் பாதையில் போய்ப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் பிழை எண் 2 ஐத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண்ணில் எந்த ஃபைல் இல்லை என்று சொல்ல இடமே கிடையாது. மேக்குக்குத் தெரிந்த ஒரே பெயர் பில்ட்.எஸ்எச், அதையே முன்னால் ஒட்டிவிடுகிறது. வீட்டுக்காரர் வெளியூர் போனதற்கு வீடே இல்லை என்று சொன்ன மாதிரி.

படி 3: முதல் வரியைப் பாருங்கள்

கேட், இடைவெளி, ஹைஃபன், பெரிய ஏ, இடைவெளி, பிறகு ஃபைல் பெயர். தம்பியின் ஸ்கிரிப்டில் வந்தது:

#!/பின்/பாஷ்^எம்$

டொலர் குறி வரியின் முடிவு, அது இருக்கட்டும். அதற்கு முன் நிற்கும் '^எம்' தான் கள்ளன். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற இரண்டு குறிகளால் முடிக்கும்; லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய 13 தான் '^எம்' என்று தெரிகிறது; அது பாதையோடு ஒட்டி, 'பாஷ்^எம்' என்றொரு புரோகிராமைத் தேடவைக்கிறது. அப்படியொன்று எந்தக் கணினியிலும் இராது.

படி 4: திருத்தம்

விஎஸ் கோட்டில் வலப்பக்கக் கீழ் மூலையில் 'சிஆர்எல்எஃப்' (அந்த 13, 10) என்று இருக்கும். அதை அழுத்தி 'எல்எஃப்' (10 மட்டும்) ஆக்கி சேவ் பண்ணுங்கள். ஃபைல்கள் நிறைய என்றால் இதே மாற்றத்தைச் செய்யும் டொஸ்2யுனிக்ஸ் நிறுவிக்கொள்வது நல்லது.

'^எம்' இல்லாமலும் இதே பிழை வரலாம். '#!/யுஎஸ்ஆர்/பின்/பைதன்' என்று எழுதிய பழைய ஸ்கிரிப்டுகள் உபுண்டு 20.04 முதல் இப்படி விழும். அங்கே இயல்பாக இருப்பது பைதன்3 மட்டும். 32 பிட் புரோகிராமை 64 பிட் கணினியில் ஓட்டினாலும், அதற்கான லோடர் (அதை நினைவகத்தில் ஏற்றும் புரோகிராம்) இல்லையென்றால் இதே வசனம்தான்.

தம்பியின் குழுவில் மற்ற மூவரும் விண்டோஸ். அதனால், குழுவாக கோட் பகிர உதவும் கிட்டின் '.கிட்அட்ரிபியூட்ஸ்' ஃபைலில் ஒரு வரி போடச் சொன்னேன்: *.எஸ்எச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப். இனி யார் இழுத்தாலும் ஸ்கிரிப்ட் எல்எஃப் முடிவோடுதான் இறங்கும்.