மஞ்சு இறங்கும் ஊரில் மரப்படகு: செய்யக் கூடாத தவறுகள்

காலையில் கொட்டகையைத் திறந்து படகின் மேல் கையை வைத்தேன். முந்தின நாள் மாலை பூசிய எபாக்ஸி, அதாவது ஹார்டனர் கலந்ததும் இறுகும் ரெசின், கெட்டியாகியிருந்தது. ஆனால் விரலில் மெழுகு தடவினாற்போல் ஒரு வழவழப்பு. காய்ந்துவிட்டதே, தேய்த்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன். பத்து நிமிடத்தில் தாள் அடைத்துக்கொண்டது. விடாமல் தேய்த்து முடித்து அடுத்த பூச்சைப் பூசினால், அது தாமரை இலைத் தண்ணீராய் ஆங்காங்கே திரண்டு நின்றது. கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம் ஒரு கார் கொட்டகையில் பதினைந்தடிப் படகு கட்டத் தொடங்கிய நான், இந்த ஊரின் காற்றைக் கணக்கில் எடுக்காததற்குக் கட்டிய முதல் அபராதம் அது.

நான் சொல்லும் படகு கனூ. இரண்டு முனையும் கூரான, துடுப்புப் போடும் ஒல்லியான ஓடம். கனடாவின் பீட்டர்பரோவில் 19ஆம் நூற்றாண்டிலேயே சீடர் மர ரீப்பர்களை (மெல்லிய சட்டங்களை) ஒன்றோடொன்று பொருத்தி இதைக் கட்டினார்கள். அந்தப் படகுகளுக்கு உள்ளே விலா எலும்பு போல வளைசட்டங்கள் இருந்தன. இன்று வீட்டில் கட்டுகிறவர்கள் விலாவை விட்டுவிட்டார்கள். 6 மில்லிமீட்டர் கன ரீப்பர்களை அச்சுப் பலகைகள் மேல் வளைத்து ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியால் போர்த்துகிறார்கள். வலுவில் பெரும்பங்கு அந்தப் போர்வையுடையது. ஆகவே மரவேலையில் செய்யும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ரெசின் வேலையில் செய்யும் பிழையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் மரம். படகு என்றதும் தேக்கு என்று நம் வாய் தானாகச் சொல்கிறது. தேக்கு நல்ல மரம்தான், இந்த வேலைக்கு அல்ல. மேற்கத்திய சிவப்பு சீடர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 370 கிலோ, தேக்கு 650 கிலோ. பதினைந்தடிப் படகில் மரத்தின் எடை மட்டும் ஏழெட்டு கிலோ கூடிவிடும். போதாக்குறைக்குத் தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. மலையில் கிடைக்கும் பைன் மரத்தில் முடிச்சு அதிகம். முடிச்சுள்ள ரீப்பர் வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும். எஸ்டேட் நிழல்மரமான சில்வர் ஓக் சீடரைவிடக் கனம். அழகுக்கு இரண்டு கோடு வைக்கலாம். முடிச்சில்லாத சைப்ரஸ் பலகை கிடைத்தால் விடாதீர்கள். நான் அதில்தான் கட்டினேன். ஒன்று மட்டும்: தோட்டத்து மரம்தானே என்று யாரோ வெட்டித் தந்ததை வாங்காதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்கும் சட்டம் அது. ரசீதோடு வாங்குங்கள்.

1863இல் இந்த ஊர் ஏரியை உண்டாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மேலே கொண்டுவந்தார் என்பார்கள். அந்தப் படகின் மரம் இங்கே வந்து எத்தனை ஊதியதோ தெரியாது. ஏனெனில் வத்தலக்குண்டு வெயிலில் காய்ந்த பலகை மலையேறியதும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்குகிறது. வாங்கி வந்த வாரமே அறுத்து ஒட்டினால், மஞ்சு மூடும் மாதத்தில் ரீப்பர்கள் ஊதி ஒன்றையொன்று நெருக்கி, அச்சை விட்டு எழும்பும். இடையில் குச்சி வைத்து அடுக்கி, காற்றாடும்படி மூன்று நான்கு வாரம் கொட்டகையிலேயே போட்டுவையுங்கள். அதற்காக ஈரமரத்தில் துணி போர்த்தவும் கூடாது. ஈரமானியில் 12 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டாம். இங்கே அது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வாய்க்கும்.

ரீப்பர் அறுக்கும்போது சாதாரண வட்ட வாள் ஒவ்வோர் அறுப்புக்கும் 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது. அதாவது மரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூளாகிறது. மெல்லிய பல் வாள் வாங்கும் காசு அந்தத் தூளிலேயே இருக்கிறது. படகின் நடுவில் சுற்றளவு நாலடி என்றால் முக்கால் அங்குல ரீப்பர் 64 வேண்டும். ஒடிவதற்கென்று பத்து கூடுதலாக அறுத்துவையுங்கள். பதினாறடி நீளம் கிடைக்காதபோது இரண்டைச் சாய்வாகச் சீவி ஒட்டலாம். அந்தச் சாய்வு கனத்தைப் போல எட்டு மடங்காவது, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் வந்தால் அந்த இடத்தில் படகு முழங்கையைப் போல மடங்கி நிற்கும்.

பசை பிதுங்கினால் ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்த பசை ரெசினைக் குடிக்காது. வார்னிஷுக்கு அடியில் வெளிறிய புள்ளியாகக் காலத்துக்கும் தெரியும். இழைப்பிலும் ஆசையை அடக்க வேண்டும். எனக்கு உதவிய ஆசாரி, ஒரு மேட்டை நான் விடாமல் இழைப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கைக்குத் தெரியாத மேட்டைத் தண்ணீர் கேட்காது” என்றார். நான் அதற்குள் அந்த இடத்தை 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருந்தேன்.

இனி ரெசின். ஃபைபர் கடையில் போய் வெறுமனே ‘ரெசின்’ என்று கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்கும் மீன்பிடிப் படகுக்கும் போடும் பாலியெஸ்டரைத் தருவார்கள். விலை குறைவு, நாற்றம் தூக்கலாக இருக்கும், மரத்தில் நம்பிப் பிடிக்காது. சில மழைக்காலம் கழித்துத் தோல் உரிவதுபோல் பிரியும். எபாக்ஸி என்று சொல்லிக் கேளுங்கள். கூடவே தரும் நறுக்கிழைப் பாயையும் (‘மேட்’ என்பார்கள்) வேண்டாம் என்றுவிடுங்கள். அதில் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பெரும்பாலும் பாலியெஸ்டரில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் வெள்ளையாக நிற்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணிதான் நனைந்ததும் கண்ணாடியாகி மரத்தைக் காட்டும்.

பாலியெஸ்டரில் பழகிய கைக்கு இன்னொரு வழக்கம் உண்டு: குளிர் அதிகமானால் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது. எபாக்ஸியில் இது நடக்காது. ஹார்டனர் அங்கே வினையை முடுக்கிவிடும் துளி அல்ல, வினையில் தானும் சேரும் பங்காளி. டப்பாவில் போட்ட விகிதத்துக்கு மேல் ஊற்றிய பங்கு சேர ஆள் இல்லாமல் உள்ளேயே நின்று, படகை ரப்பராக்கும். கண்ணளவு வேண்டாம், தராசு வாங்குங்கள். எடைக்கு ஒரு விகிதம், கொள்ளளவுக்கு வேறு விகிதம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு மருந்து சூடுதான். அதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. கரியடுப்பை மூட்டிக் கொட்டகையைச் சாத்துவது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். அதோடு எரியும் கரியும் கெரசினும் விடும் கரியமில வாயுவும் நீராவியும் எபாக்ஸியின் மேல் நான் சொன்ன மெழுகுப் படலத்தைக் கொண்டுவரும். படலம் வந்துவிட்டால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகே உப்புத்தாள். நான் தலைகீழாகச் செய்ததால் மெழுகை மரம் முழுக்கப் பூசிவிட்டேன்.

வெளியூரில் கட்டியவர்கள் சாயங்காலம் பூசச் சொல்வார்கள். காரணம் நியாயமானது: மரம் சூடாகிக்கொண்டே போகும் நேரத்தில் பூசினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து ரெசினில் குமிழ் விடும், குளிர்ந்துவரும் நேரத்தில் பூசினால் மரம் ரெசினை உள்ளிழுக்கும். ஆனால் இங்கே மூன்று மணிக்கு மஞ்சு படியேறி வந்துவிடுகிறதே! சாயங்காலம் பூசினால் பனித்துளியும் சேர்ந்துதான் காயும். நான் கண்ட வழி: படகைச் சுற்றித் தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, பழைய குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, காலையிலிருந்து 25 டிகிரிக்குச் சூடேற்றினேன். பதினொரு மணிக்குப் பாதி பல்புகளை அணைத்துவிட்டுப் பூசினேன். மரத்துக்கு அது சாயங்காலம், வெளியே நல்ல வெயில். மீதிப் பல்புகள் மறுநாள் வரை எரிந்தன. மின்வெட்டு வருமா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேலே வார்னிஷ் வேண்டாம், எபாக்ஸியே பளபளக்கிறது என்பவர்களும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் எபாக்ஸியை மஞ்சளாக்கிச் சுண்ணாம்பாய் உதிர்க்கும்; இந்த உயரத்தில் அந்தக் கதிருக்கு வீரியம் அதிகம், குளிர் அதை மறைத்துவிடுகிறது. மேசைக்கு அடிக்கும் பாலிஷ் ஆகாது. புறஊதாத் தடுப்புள்ள படகு வார்னிஷ் மூன்று பூச்சாவது வேண்டும். விளிம்புச் சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

பராமரிப்பில் பெரிய குற்றவாளி நீலத் தார்ப்பாய். படகை இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். விளிம்பு கீழாகக் கவிழ்த்து, இரண்டு கட்டைகள் மேல், கூரைக்கு அடியில், காற்றோட்டமாக வையுங்கள். வெளியே சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று நினைக்கிறீர்களா? நானும் ஒரு ராத்திரி சாய்த்தேன். ஒரு காட்டுமாடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டு போயிற்று.

கீறல்களில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ரெசினோடு நிற்கும். மரம் கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். பார்த்த அன்றே பதறி மேலே ரெசினை அப்பினால் ஈரத்தைச் சிறைவைத்தது போலாகும். கறுப்பு உள்ளுக்குள்ளேயே பரவும். என் படகின் பின்முனையான அமரத்தில், சிமென்ட் படியில் இழுத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அப்படியொரு கறுப்பு இருக்கிறது. ஐப்பசி மழையில் பார்த்தேன். துணியை அந்த அளவுக்கு வெட்டித் திறந்து, மரத்தைக் காற்றுக்குக் காட்டி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை ஈரமானியை வைத்துப் பார்க்கிறேன். நேற்றைய கணக்கு 16.